கட்டாததற்குக் காரணம்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் அரைமில்லி. பிரேமுக்குள் லென்ஸ் உட்காரும்போது ஓரத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் போதும், அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். வாடிக்கையாளர் கவுண்டருக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் திரையை விலக்கிச் சொன்னால், "பஸ் இன்னொண்ணு வரும், கண்ணு வராது" என்பார். தலை நிமிராது. சேதாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் முதலாளிக்கு வயிறு எரியும். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் அக்கா கை பட்ட கண்ணாடி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்பதால் அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

அப்படிப்பட்டவருடைய வீட்டு இரும்புக் கேட்டில், ஏழு வருஷமாக வீட்டு வரி கட்டாதவர் என்று நகராட்சிக்காரர்கள் ஒரு நாள் காலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பது நாளில் கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம், அதற்கும் பிறகு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருவோம் என்று எழுதியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பல் துலக்கியபடியே முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாராம். பசை காய்வதற்குள் கிழியாமல் உரித்து எடுக்கலாம் என்று அக்கா பார்த்திருக்கிறார். வரவில்லை. ஒரு மூலை மட்டும் கையோடு வந்தது. அந்தத் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வழக்கம்போல ஒன்பதே காலுக்குக் கடைக்கு வந்துவிட்டார்.

"வேற வீட்டு நோட்டீஸை மாத்தி ஒட்டிட்டாங்க. நாளைக்கு அரை நாள் லீவு வேணும், போய் சரி பண்ணிட்டு வரணும்" என்றார். அவ்வளவுதான். அன்று மாலை வரை பதினான்கு ஜோடி தேய்த்தார்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் அப்பா சுவர் எழுப்பி ஜன்னல் மட்டம் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்த வீடு அது. அப்போது அக்காவுக்கு இருபத்தாறு வயது. கடைச் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கிக் கூரை போட்டார். பிறகு இன்னொரு கடன் வாங்கி மாடி எழுப்பினார். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, கடன் எவ்வளவு பாக்கி என்று தெரிந்ததும் இரண்டு தடவையும் எழுந்து போய்விட்டது. மூன்றாவது தடவை பேச்சை எடுக்க அம்மா இல்லை. பத்திரமும் வரி எண்ணும் அக்கா பெயரில்தான். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் மாடியை அவர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். வாடகை கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. ஆனால் மாடியில் குழாய் சொட்டினால் கீழே இருந்து குரல் போகும், விளக்கு வீணாக எரிந்தாலும் போகும்.

தம்பி பார்சல் கம்பெனி வண்டி ஓட்டினார். நகராட்சி அலுவலகத்துக்குத் தபால் மூட்டை கொடுக்க அவர் வண்டி தினமும் அங்கே நிற்கும். வரி வாங்கும் கவுண்டர் பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்கு மூடும். அது அக்கா லென்ஸ் தேய்க்கிற நேரம். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை வரிப் பணத்தைக் கவரில் போட்டு, மேலே தொகையை எழுதி, தம்பி கையில் கொடுப்பார். சாயங்காலம் ரசீது வந்துவிட வேண்டும். வராவிட்டால் அக்கா சாப்பிட உட்கார மாட்டார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, இனிமேல் காகித ரசீதே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும், கைப்பேசிக்குத்தான் செய்தி வரும் என்று தம்பி சொன்னார். அக்காவிடம் இருந்தது பட்டன் போன். செய்தி தன்னுடைய போனுக்கு வருகிற மாதிரிப் பதிந்துவிட்டதாகச் சொல்லி, அதில் எதையோ காட்டினார். எதிலும் அரை மில்லி விடாத அக்கா அந்தச் சின்னத் திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சரி என்றார்.

அந்தத் தம்பி, நோட்டீஸ் ஒட்டுவதற்கு நாலு மாதம் முன்னால், பார்சல் கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயது.

மறுநாள் பழைய ரசீதுக் கட்டோடு அக்கா நகராட்சிக்குப் போனார். தனியாகப் போக வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த எழுத்தர் கெட்டவர் இல்லை. வரி எண்ணைத் தட்டிப் பார்த்து, திரையை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார். ஏழு வருஷமும் வரிசையாகச் சிவப்பில் இருந்தது. வட்டியும் அபராதமும் சேர்ந்து அசலைத் தாண்டி நின்றன. மொத்தம் அக்காவின் பதினாலு மாதச் சம்பளம்.

கட்டியிருக்கிறேன் என்று அக்கா சொன்னார். ரசீது கேட்டார் எழுத்தர். ரசீதுதான் நீங்கள் கொடுப்பதில்லையே என்றார் அக்கா. எழுத்தர், பக்கத்தில் நின்றவருக்கு அப்போதுதான் அச்சடித்துக் கொடுத்த ரசீதை அவரிடமிருந்து கேட்டு வாங்கிக் காட்டினார். நீளக் காகிதம், கீழே முத்திரை. அக்கா அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களே வந்து கட்டினீங்களாம்மா?"

"தம்பிகிட்ட குடுத்து அனுப்புவேன்."

"அப்போ தம்பியைக் கேளுங்க."

"அவன் செத்துட்டான்."

எழுத்தர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்காத மாதிரி நின்றார்கள். வட்டி தினமும் ஏறும், சீக்கிரம் பாருங்கள் என்று மட்டும் அவர் சொன்னார்.

அன்று சாயங்காலம் மாடியில் என்ன நடந்தது என்பதை அக்கா எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. வாரக்கணக்கில், லென்ஸ் மாற்றுகிற இடைவெளியில், ஒரு வாக்கியம் இரண்டு வாக்கியமாகச் சொன்னார். நான் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

படியேறிப் போனபோது தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். வீட்டு வரி என்று வாயெடுத்ததுமே மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். அந்த நிற்கிற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்றார் அக்கா. பிறகு கேட்டதெல்லாம் சும்மா, கேட்க வேண்டுமே என்று கேட்டது.

ஒரு பெட்டி விழுந்து உடைந்ததில்தான் ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஏதோ கருவி. கம்பெனி ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளத்தைப் பிடித்துவிட்டது. அந்த அரையாண்டு வரிக் கவரைப் பிரித்து அரிசி பருப்பு வாங்கியிருக்கிறார் தம்பி. அடுத்த அரையாண்டு கட்டப் போனால், பழையதை வட்டியோடு கட்டிவிட்டு வா என்றார்களாம். இரண்டுக்கும் பணம் இல்லை. அப்புறம் மகளை ஆஸ்பத்திரி லேப் படிப்பில் சேர்த்தார்கள். பீஸும் கவரும் ஒரே மாதத்தில் வந்தன. நகராட்சியிலிருந்து வந்த கடிதங்களையெல்லாம் தபால் பெட்டியிலிருந்து தம்பி மனைவிதான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். பீரோவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதினொரு கவர், பிரிக்காமலே இருந்தன.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

அதற்குத் தம்பி மனைவி அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் மனசில் கிடந்ததை எடுத்து வைத்தார்.

"குடுத்திருப்பீங்க அண்ணி. பழைய ஸ்கூட்டர் வாங்க குடுத்தீங்கல்ல, அந்த மாதிரி குடுத்திருப்பீங்க. வெள்ளைத்தாள்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டு, மூணு வருஷம் ஒண்ணாம் தேதி காலையில கீழருந்து கூப்பிட்டீங்களே. என் மகளுக்கு அப்போ நாலு வயசு. அத்தை கூப்பிட்டா ஓடிப்போய் கதவைச் சாத்துவா. இன்னொரு தடவை உங்ககிட்ட கேக்கறதுக்கு, திருடிட்டுப் போறேன்னார் அவர். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார். அப்புறம் அப்படியே செஞ்சுட்டார்."

அக்கா கவர்களை எடுத்துக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார். பாதிப் படியில் நின்று திரும்பி, "உன் மகளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாராம். தெரியாது என்றிருக்கிறார் தம்பி மனைவி. "தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரம் அக்கா கையில் இரண்டு லென்ஸ் உடைந்தன. முதலாளி சேதாரப் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு வழி இருந்தது. எங்கள் வாடிக்கையாளரான ஒரு வக்கீல் பெண், சனிக்கிழமைதோறும் நூலகத்து மாடியில் உட்கார்ந்து, பணம் வாங்காமல் இந்த மாதிரி விவகாரங்களைப் பார்ப்பார். வரி, வாடகை, ரேஷன், பென்ஷன் என்று கூட்டம் நெரியும். அக்காவைக் கிளப்பிக் கூட்டிப்போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இலவசம் என்ற சொல்லே அவருக்கு ஆகவில்லை. நான் யாரிடமும் போய் நின்றதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில், அவர் போட்டிருக்கிற கண்ணாடியே நீங்கள் தேய்த்ததுதான், பாதி தெரிந்தவர்தானே என்று சொல்லித்தான் படியேற வைத்தேன்.

வக்கீலுக்கு முப்பது வயது இருக்கும். சளி பிடித்து மூக்கைத் துடைத்துத் துடைத்து நுனி சிவந்திருந்தது. பதினொரு கவரையும் பிரித்துத் தேதி வாரியாக அடுக்கினார். அக்கா சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். வரி நிவாரணம் என்று ஒரு வழி இருக்கிறது, ஏற்றுக்கொண்டால் வட்டியும் அபராதமும் முழுசாகத் தள்ளுபடி, அசலை முப்பத்தாறு மாதத் தவணையில் கட்டலாம், தண்ணீர் இணைப்பிலும் கை வைக்க மாட்டார்கள் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அக்கா படிவத்தை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். ஏழாவது பத்தியில் விரல் நின்றது. 'கட்டாததற்குக் காரணம்' என்று போட்டு நாலு கட்டம் இருந்தது: வறுமை, நோய், வேலையின்மை, இயற்கைச் சீற்றம்.

"இதுல நான் எது?"

"வறுமைல டிக் பண்ணுங்க. சம்பளச் சான்று வச்சா போதும்."

"எனக்கு வறுமை இல்ல. நான் கட்டினேன்."

வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, நீங்க கட்டினது உங்க தம்பிக்கு. நகராட்சிக்கு இல்ல. ஏமாந்தவங்களுக்கு இந்த ஃபார்ம்ல கட்டம் கிடையாது."

அக்கா படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நடந்தது நடந்தபடி எழுத முடியுமா என்று கேட்டார். பலன் இருக்காது என்று வக்கீல் சொன்னார். ஆனாலும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். பின்னால் இருபது பேர் காத்திருக்க, இரண்டு பக்கத்துக்கு எழுதினார். தம்பியின் பெயர் வருகிற இடத்தில் அக்கா இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். 'ஏமாற்றினார்' என்று இருந்ததை 'செலுத்தத் தவறினார்' என்று மாற்றச் சொன்னார்.

பத்தொன்பது நாளில் பதில் வந்தது. இந்தத் தடவை தபாலை அக்காவே எடுத்தார். பணம் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை, மூன்றாம் நபர் மோசடி செய்திருந்தால் போலீஸ் புகாரின் நகலை இணைத்து மறுபடி விண்ணப்பிக்கவும் என்று மூன்று வரி. கெடுவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

புகார் கொடுப்பதைப் பற்றி வக்கீல் விளக்கிச் சொன்னார். இறந்தவரைப் பிடித்து உள்ளே போடப் போவதில்லை, வெறும் காகிதம்தான். ஆனால் விசாரணை என்று வீட்டுக்கு வருவார்கள், கடிதங்களை ஒளித்தது யார் என்று கேட்பார்கள். வேலை செய்கிற இடத்தில் இறந்ததற்கான இழப்பீடு பார்சல் கம்பெனியிலிருந்து இன்னும் வரவில்லை. இறந்தவர் மேல் மோசடிப் புகார் என்றால் அதைச் சாக்காக வைத்து இழுத்தடிப்பார்கள். இதெல்லாம் போக, மகளுக்குத் தெரிந்துவிடும்.

அக்கா கடையில் ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் விரல் நுனிகள் வழவழவென்று இருக்கும். சாணைக்கல்லும் தண்ணீரும் முப்பத்தோரு வருஷத்தில் ரேகையைத் தின்றுவிட்டன. அந்த விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துக்கொண்டே, "என்னை ஏமாத்தினான்னு எழுதினா அவனைக் காட்டிக் குடுக்கணும். எழுதலேன்னா என்னைக் காட்டிக் குடுக்கணும்" என்றார். பிறகு முதலாளியிடம் போய்ச் சம்பளச் சான்று கேட்டார்.

முதலாளி முகம் மாறியது. இவ்வளவுதான் சம்பளம் என்று தன் லெட்டர்ஹெட்டில் எழுதி ஊரார் கையில் கொடுக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க மட்டும் வெட்கமாக இருந்ததில்லை. எழுதிக் கொடுத்தார். ஆனால் கடையின் முகவரியைச் சின்ன எழுத்தில் அடித்திருந்தார்.

வறுமைக் கட்டத்தில் அக்காவே டிக் போட்டார். பேனா இரண்டாவது முறை அழுந்திக் காகிதம் லேசாகக் கிழிந்தது.

நிவாரணக் குழு நகராட்சியின் பழைய கூட்ட அறையில் கூடியது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். வாசலில் பெஞ்சில் நாங்கள் பதினைந்து பேர். கதவைச் சாத்தவில்லை, அதனால் உள்ளே சொல்வது எல்லாம் பெஞ்சுக்குக் கேட்டது. ஒருவர் சிறுநீரகக் கோளாறைச் சொன்னார். இன்னொருவர் மூடிப்போன தொழிற்சாலையைச் சொன்னார். அவரவர் கஷ்டத்தை அவரவர் தெரிந்துவைத்திருந்தார்கள். அக்காவுக்கு மட்டும் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் ரேகை வைக்கச் சொன்னார்கள். கருவி ஏற்கவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, எதுவும் சரிப்படவில்லை. ஈரத் துணியில் துடைத்து வைக்கச் சொன்னார்கள். வரிசை நின்றுபோனதால் பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் வாயில் மிட்டாய் ஒன்றை ஒதுக்கியபடி காகிதத்தைப் பார்த்தார்.

"ஏழு வருஷமா ஏம்மா கட்டல?"

நான் வாசலில் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் யாராவது அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"காசு இல்ல" என்றார் அக்கா.

"ஏழு வருஷமும் இல்லையா?"

"இல்ல."

"அதுக்கு முன்னால ஒழுங்கா கட்டியிருக்கீங்களே. அப்போ மட்டும் இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "தள்ளுபடி வரும்னு தெரிஞ்சா ஒருத்தனும் கட்ட மாட்டான் சார். நேர்மையாக் கட்டறவன்தான் முட்டாள்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அக்கா அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார். முத்திரை விழுகிற வரை நின்றார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. வட்டி தள்ளுபடி, முப்பத்தாறு தவணை. வெளியே வந்ததும் வக்கீல் அவர் கையைப் பிடித்து, வீடு தப்பிச்சது அக்கா என்றார். அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே சந்தோஷம். அக்காவும் நன்றி சொன்னார். முறையாக, நின்று, இரண்டு கையையும் கூப்பிச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். வெயில் முகத்தில் அடித்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ எப்பவாவது என்கிட்ட ஏதாவது கேக்கணும்னு நினைச்சு, கேக்காம விட்டிருக்கியா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் என் சின்னவளுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முன்பணம் கட்டச் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்கக் கடைக் கவுண்டரில் நின்றபடி பின்னறைத் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறடி தூரம். அக்காவிடம் பணம் இருக்கும் என்று தெரியும், கொடுப்பார் என்றும் தெரியும். சாயங்காலம் மனைவியின் வளையலை அடகு வைத்தேன்.

"இல்லக்கா" என்றேன்.

அவர் சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நிவாரணம் பெற்றவர்கள் பட்டியலை நகராட்சி தன் இணையப் பக்கத்தில் போட்டது. பெயர், வார்டு, ஏழு வருஷப் பாக்கி, காரணம் வறுமை என்று வரி வரியாக இருந்தது. தெருக்காரர் யாரோ அதைப் படம் எடுத்து அனுப்பி, அது சுற்றிச் சுற்றி வேறு ஊரில் லேப் வேலையில் இருக்கிற தம்பி மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கடை நம்பருக்கே கூப்பிட்டாள். போனை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பின்னறையில் சாணை நின்றிருந்ததால் அவள் குரல் எனக்கும் கேட்டது. அந்தப் பெண் கோபமாகப் பேசவில்லை. அக்கறையாகத்தான் பேசினாள்.

"என்ன அத்தை இது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வருஷா வருஷம் கட்டியிருந்தா இவ்வளவு சேர்ந்திருக்குமா? வறுமைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, ஊரே பார்க்குது. அப்பா இருந்தவரைக்கும் அவர்கிட்ட குடுத்திருந்தாக்கூட அவர் கரெக்டா கட்டியிருப்பாரே? தெரிஞ்சிருந்தா அவர் இப்படி ஆக விட்டிருப்பாரா?"

அக்கா இன்னொரு கையில் தேய்க்காத லென்ஸ் ஒன்றை வைத்திருந்தார். அதை மேஜையில் வைத்தார்.

"விட்டிருக்க மாட்டான்மா" என்றார். "அவன்கிட்ட குடுத்திருந்தா ஒழுங்கா கட்டியிருப்பான்."

மாதாமாதம் தான் கொஞ்சம் அனுப்புவதாக அவள் சொன்னாள். வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். எழுதித் தா என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று என்னிடம் பிறகு சொன்னார். அதைச் சிரித்துக்கொண்டு சொல்லப் பார்த்தார், முடியவில்லை.

பார்சல் கம்பெனி இழப்பீடு போன மழைக்காலத்தில் வந்தது. தம்பி மனைவி அதில் பாதியை எடுத்துக்கொண்டு கீழே வந்தாராம். அக்கா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசியிருக்கிறார். மாடியை நீயே வைத்துக்கொள், பணத்தை மகள் பெயரில் போடு, ஆனால் என் முன்னால் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். கொடுத்த மன்னிப்பா, கொடுக்காத மன்னிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே கேட், ஒரே தண்ணீர்த் தொட்டி. காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால், அது தெருமுனை தாண்டும் வரை அக்கா கீழ்க் கதவுக்குப் பின்னால் நிற்கிறார். அதனால்தான் இப்போது ஒன்பதே காலுக்கு வருபவர் ஒன்பதரைக்கு வருகிறார். முதலாளி கேட்பதில்லை.

மாதத்தில் ஒரு நாள், அரை நாள் சம்பளப் பிடித்தத்தோடு, அக்காவே வரிசையில் நின்று தவணை கட்டுகிறார். இதுவரை பத்தொன்பது ஆகிவிட்டது. அறுபது வயதானதும் கடையில் எங்களை நிறுத்திவிடுவார்கள். அக்காவுக்கு அறுபது ஆக இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. தவணை பதினேழு.

கழித்துப் பார்த்து நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன், அந்தக் கடைசி ஆறுக்கு என்ன செய்வீர்கள் என்று.

"அப்போ வறுமைன்னு எழுதினது நிஜமாயிடும்" என்றார் அக்கா. சாணையைப் போட்டார். தண்ணீர் சிதறியது. அதற்குமேல் எது பேசினாலும் கேட்காது.